கிராபி நான்கு தீவுப் பயணம்: மணல்திட்டைப் பார்க்க எந்தப் படகில் போவது?

தாய்லாந்தின் கிராபிக்கு டிக்கெட் போட்டவர்கள் அடுத்து மாட்டிக்கொள்ளும் இடம் நான்கு தீவுப் பயணம்தான். கூட்டத்தோடு லாங்டெய்ல் என்ற நீண்ட மரப்படகில் போவதா, கூடுதல் காசு கொடுத்து ஸ்பீட்போட்டில் போவதா, குடும்பத்துக்கென்று தனிப்படகு எடுப்பதா? டிராவல்ஸ்காரர் கொடுக்கும் பட்டியலில் விலையும் வேகமும் மட்டும் இருக்கும். முடிவெடுக்க இந்த இரண்டும் போதாது.

இந்தப் பயணத்தில் எல்லோரும் ஆசையாகத் தேடிப் போவது தலே வேக் என்ற மணல்திட்டு. டுப், மோர், கோழித்தீவு ஆகிய மூன்று தீவுகளை இணைத்தபடி கடலுக்கு நடுவே வெள்ளை மணல் வெளிவரும். கடல் வற்றும்போது அதன்மேல் நடந்தே ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போகலாம். கடல் ஏறிவிட்டால் அங்கே தண்ணீர் மட்டும்தான் இருக்கும். படங்களில் பார்த்ததை நேரில் காணாமல் திரும்புகிறவர்களில் பெரும்பாலானோர் படகை முதலில் பிடித்துவிட்டு, கடல் எப்போது வற்றும் என்று பார்க்காமல் விட்டவர்கள். அதனால் இந்த ஒப்பீடு கடல் வற்றும் நேரத்திலிருந்து தொடங்குகிறது.

## முதல் அளவுகோல்: கடல் எத்தனை மணிக்கு வற்றுகிறது

அந்தமான் கடலில் ஒரு நாளைக்கு இரண்டு பெருக்கு, இரண்டு வற்றம். பெருக்கிலிருந்து வற்றத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நாளுக்கு நாள் இந்த நேரம் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் இறக்கமும் அதிகம். அஷ்டமி, நவமியை ஒட்டி இரண்டும் குறைவு.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இதை வைத்து "பௌர்ணமி அன்றே போனால் திட்டு நன்றாகத் தெரியும்" என்று முடிவுகட்டுவதில்தான் தவறு நடக்கிறது. ஒரு கரையில் பெரிய வற்றம் எப்போதும் ஏறக்குறைய ஒரே கடிகார நேரத்தில்தான் வரும். கிராபிப் பக்கம் பௌர்ணமி, அமாவாசை நாட்களில் காலை 10, 11 மணியளவில் கடல் நிறைந்திருக்கும். பிற்பகல் 4, 5 மணியளவில்தான் அடிமட்டத்துக்கு இறங்கும். கூட்டுப் பயணப் படகுகளோ காலை 9 மணியளவில் கிளம்பி மூன்று, நான்கு மணிக்குள் கரைக்கு வந்துவிடும். பௌர்ணமி அன்று அந்தப் படகு 11 மணிக்கு உங்களை டுப் தீவில் இறக்கிவிட்டால், மாதத்திலேயே மிகப் பெரிய பெருக்கில் நிற்பீர்கள்.

வீட்டில் கிழிக்கும் தினசரி காலண்டரே இதற்கு உதவும். திதியை வைத்துத் தோராயமாக இப்படிக் கணக்கிடலாம்:

- ஏகாதசி முதல் திரயோதசி வரை: பகல் வற்றம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் விழும். இறக்கமும் ஓரளவு நன்றாகவே இருக்கும். கூட்டுப் படகில் போகிறவர்களுக்கு இந்த நாட்கள்தான் நல்லவை.
- சதுர்த்தசி, பௌர்ணமி அல்லது அமாவாசை, பிரதமை: இறக்கம் அதிகம், ஆனால் மாலை சாயும் நேரத்தில். பிற்பகலில் கிளம்பும் தனிப்படகுக்கு ஏற்ற நாட்கள்.
- சதுர்த்தி முதல் சஷ்டி வரை: வற்றம் காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள். விடியலில் கிளம்பும் தனிப்படகுக்கு நல்லது. கூட்டம் வருவதற்குள் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.
- அஷ்டமி முதல் தசமி வரை: வற்றம் முற்பகலிலும் நண்பகலிலும் வரும். நேரம் வசதியானதுதான், ஆனால் கடல் அதிகம் இறங்காது. திட்டு முழுதாக வெளிவரும் என்று நம்ப வேண்டாம்.

இது கிளம்பும் தேதியைத் தோராயமாகக் குறிக்க மட்டும். தேதி நெருங்கியதும் இணையத்தில் ஆவ் நாங் (படகுகள் கிளம்பும் கடற்கரை) அல்லது கிராபி என்று போட்டு, கடல் ஏறி வற்றும் நேரங்களைக் காட்டும் ஓத அட்டவணையைப் பாருங்கள். அதில் நேரத்துக்குப் பக்கத்தில் மீட்டரில் ஓர் எண் இருக்கும். பலரும் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு அந்த எண்ணை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் முக்கியம்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு நாள் பெருக்கு 2.8 மீட்டர், வற்றம் 0.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2.4 மீட்டர். அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு பங்கு 0.2 மீட்டர். வற்றம் முடிந்த முதல் மணி நேரத்தில் கடல் ஒரு பங்கு ஏறும், இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றாம் மணியில் மூன்று பங்கு. அதாவது முதல் மணி முடிவில் 0.6 மீட்டர், இரண்டாம் மணி முடிவில் 1.0, மூன்றாம் மணி முடிவில் 1.6. முதல் மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர் ஏறிய அதே கடல், மூன்றாம் மணி நேரத்தில் 60 சென்டிமீட்டர் ஏறிவிடுகிறது. வற்ற நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் திட்டு நிதானமாக நடக்க விடும். அதன்பிறகு வேகமாக மூடிக்கொள்ளும். இப்போது நவமியை ஒட்டிய ஒரு நாளில் வற்ற உயரமே 1.3 மீட்டர் என்று அட்டவணை காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளின் கணக்கில் அது வற்றம் முடிந்து இரண்டரை மணி நேரம் கழிந்த நிலை. அன்று எத்தனை மணிக்குப் போனாலும் அதைவிட நல்ல திட்டு கிடைக்காது.

ஆகவே கிராபியில் தங்கும் மூன்று, நான்கு நாட்களின் பகல் வற்றங்களை வரிசையாக எழுதி, எதில் மீட்டர் எண் மிகக் குறைவோ அந்த நாளைத் தீவுப் பயணத்துக்கு ஒதுக்குங்கள். நகரம் சுற்றுவதையும் வெந்நீர் ஊற்றையும் வேறு நாளுக்குத் தள்ளிவிடலாம். பேக்கேஜில் போகிறவர்கள் "இரண்டாம் நாள் தீவு, மூன்றாம் நாள் ஓய்வு" என்ற வரிசையை மாற்றித் தரச் சொல்லி முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். இதற்குச் செலவே இல்லை. படகை மாற்றுவதால் கிடைக்கும் பலனைவிட இதில் பலன் அதிகம்.

## மற்ற அளவுகோல்கள்

நேரத்துக்கு அடுத்து நான்கு விஷயங்களைப் பாருங்கள். படகு கிளம்பும் நேரத்தையும் தீவுகளின் வரிசையையும் மாற்றச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா? ஏறி இறங்குவது உடன் வரும் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் முடியுமா? அலையில் உடம்பு என்ன பாடுபடும்? சொன்ன விலைக்கு மேல் கையிலிருந்து எவ்வளவு போகும்?

| | கூட்டு லாங்டெய்ல் | கூட்டு ஸ்பீட்போட் | தனி லாங்டெய்ல் | கரையிலிருந்து நடை |
|---|---|---|---|---|
| நேரம் யார் கையில் | நடத்துபவர் கையில் | நடத்துபவர் கையில் | உங்கள் கையில் | உங்கள் கையில் |
| ஒரு வழிப் பயண நேரம் | ஏறக்குறைய அரை மணி | அதில் பாதி | ஏறக்குறைய அரை மணி | படகே வேண்டாம் |
| ஏறி இறங்குவது | முழங்கால் முதல் தொடை வரை தண்ணீர் | படிக்கட்டு உண்டு, இறங்குமிடத்தில் தண்ணீர் | முழங்கால் முதல் தொடை வரை தண்ணீர் | ஈர மணல் |
| உடம்புக்கு | சத்தம், தெறிக்கும் நீர் | முன்பக்கத்தில் கடும் குலுக்கல் | சத்தம், தெறிக்கும் நீர் | எதுவும் இல்லை |
| விலை | ஆள் கணக்கு, குறைவு | ஆள் கணக்கு, அதிகம் | படகுக் கணக்கு | இலவசம் |
| பொருத்தமானவர்கள் | ஒருவர், இருவர் | பகல் வற்றம் உள்ள நாளில் நேரம் குறைந்தவர்கள் | நால்வருக்கு மேல், மாலை அல்லது விடியல் வற்றம் | கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் |

## கூட்டு லாங்டெய்ல் படகு

நீண்ட மரப்படகு, பின்னால் வெளியே தெரியும் மோட்டார், அதிலிருந்து நீளமாகக் கடலுக்குள் இறங்கும் தண்டு, தண்டின் நுனியில் விசிறி. ஆழம் குறைந்தால் படகோட்டி தண்டை மேலே தூக்கிவிடுவார். அதனால் மணல்திட்டின் ஓரம்வரை வரக்கூடிய படகு இதுதான்.

வழக்கமான சுற்றில் நான்கு இடங்கள்: பிரநாங் குகைக் கடற்கரை, பொடா தீவு, கோழித்தீவு, டுப் தீவு. இதில் பிரநாங் தீவே இல்லை. ரைலே முனையில் உள்ள பெருநிலக் கரைதான். செங்குத்துப் பாறைகள் அடைத்திருப்பதால் அந்தப் பகுதிக்குப் படகில்தான் போக முடியும். கோழித்தீவில் பெரும்பாலும் கரையேற்ற மாட்டார்கள். கோழியின் தலையும் கழுத்தும் போலிருக்கும் பாறையைக் காட்டிவிட்டுப் பக்கத்தில் ஸ்நார்கெலிங் (மூச்சுக்குழாய் வைத்துக்கொண்டு நீருக்கடியில் பார்ப்பது) செய்ய விடுவார்கள். சாப்பாடு பெரும்பாலும் பொடா தீவில்.

குறைகளைச் சொல்லிவிட வேண்டும். பெரிய படகில் இருபது பேருக்கு மேல்கூட ஏற்றுவார்கள். மோட்டார் பக்கம் உட்கார்ந்தால் பேசவே முடியாது. முன்பக்கம் உட்கார்ந்தால் நனைவீர்கள். நடுவில், கூரையின் கீழ் இடம் பிடியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்; விசில் ஊதினால் கிளம்பியாக வேண்டும்.

மறைந்திருக்கும் சிக்கல் ஆவ் நாங் கரையில் இருக்கிறது. அங்கே படகுத்துறை கிடையாது. தண்ணீருக்குள் நடந்து போய்த்தான் ஏற வேண்டும். மணல்திட்டு நன்றாகத் தெரியும் நாளில் ஆவ் நாங் கரையும் அதேபோல் வற்றியிருக்கும். திரும்பி வரும்போது படகு தூரத்திலேயே நின்றுவிட, பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். சேலையில் வரும் அம்மா, பாட்டிக்கு இது பெரிய தொல்லை. முழங்கால்வரை ஏற்றிக்கொள்ளக்கூடிய சுடிதாரோ, சீக்கிரம் காயும் பேண்ட்டோ போட்டு வரச் சொல்லுங்கள்.

எப்போது இது நல்ல தேர்வு: ஒருவரோ இருவரோ போகும்போது, பகல் வற்றம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் விழும்போது. முன்பதிவுக்கு முன் "நாளை டுப் தீவுக்கு எத்தனை மணிக்குப் போவீர்கள்?" என்று கேளுங்கள். விஷயம் தெரிந்த நிறுவனம் வற்ற நேரத்தைப் பார்த்து அன்றன்று வரிசையை மாற்றும். "எப்போதும் 11 மணிக்கு" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

## கூட்டு ஸ்பீட்போட்

கிளம்பும் முன் யோசிக்க வேண்டிய படகு இது. வேகம் என்பதால் மணல்திட்டில் அதிக நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறோம். நடப்பில், மிச்சமாகும் நேரம் உங்களுக்கு வருவதில்லை. சுற்று சீக்கிரம் முடிந்து படகு முன்னதாகவே கரைக்கு வந்துவிடும். பிற்பகல் 4 மணி வற்றம் உள்ள நாளில் ஸ்பீட்போட் எடுத்தவர் அந்த நேரத்தில் ஹோட்டல் அறையில் இருப்பார். தீவுகள் கரையிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் அளவில்தான் இருக்கின்றன; லாங்டெய்லிலேயே அரை மணி நேரம்தான். ஃபீ ஃபீ தீவுவரை போகிறவர்களுக்கு ஸ்பீட்போட்டின் வேகம் பெரிய உதவி. நான்கு தீவுக்கு அந்த வேகம் அவ்வளவு தேவைப்படுவதில்லை.

சிறு அலையிலும் இந்தப் படகின் மூக்கு எழும்பி எழும்பி அடிக்கும். முதுகுவலி உள்ளவர்கள் முன்பக்கம் உட்காரவே கூடாது. கர்ப்பிணிகளை ஏற்ற மாட்டார்கள்; மறைத்து ஏறுவது ஆபத்து. தலைசுற்றல் வருகிறவர்கள் பின்பக்கம், கூரையின் கீழ், எதிரே தொடுவானம் தெரியும் இடத்தில் உட்கார வேண்டும்.

நன்மைகளும் உண்டு. மழை வந்தால் நனையும் அளவு குறைவு. ஏறி இறங்கப் படிக்கட்டு உறுதியாக இருக்கும். பல நிறுவனங்களில் ஸ்நார்கெல், குடிநீர், பழம் எல்லாம் விலையிலேயே அடங்கும். காற்று அடிக்கிற நாளில் லாங்டெய்லைவிட நம்பகமாகப் போய்ச் சேரும்.

எப்போது இது நல்ல தேர்வு: வற்றம் நண்பகலை ஒட்டி விழுந்து, மாலையில் விமானமோ வேறு வேலையோ இருக்கும் நாளில். அல்லது நான்கு தீவோடு ஹாங் தீவையும் ஒரே நாளில் சேர்க்க விரும்பும்போது.

## தனி லாங்டெய்ல்

மணல்திட்டுதான் முக்கியம் என்றால் இதுவே முதல் தேர்வு. கிளம்பும் நேரம், தீவுகளின் வரிசை, ஒவ்வொன்றிலும் தங்கும் நேரம் எல்லாம் நீங்கள் சொல்வதுதான். ஆவ் நாங் கடற்கரையில் படகுக்காரர்களின் டிக்கெட் சாவடிகள் இருக்கின்றன. அரை நாள், முழு நாள் என்று கட்டணப் பலகை வைத்திருப்பார்கள். கட்டணம் படகுக்கு, ஆளுக்கு அல்ல.

கணக்கு எளிது. கூட்டுப் படகில் ஆளுக்கு 500 பாட் (தாய்லாந்து நாணயம்) என்றும் தனிப்படகுக்கு 2,500 பாட் என்றும் சொன்னார்கள் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் சேர்ந்ததுமே இரண்டும் சமம். ஆறாவது ஆளிலிருந்து தனிப்படகு மலிவு. அன்றைய விலையைக் கேட்டு, தனிப்படகு விலையைக் கூட்டுப் படகின் ஆள் விலையால் வகுங்கள். வரும் எண்ணும் உங்கள் ஆள் எண்ணிக்கையும் அருகருகே இருந்தால் யோசிக்காமல் தனிப்படகு எடுங்கள். கூட்டுப் படகு விலையில் சாப்பாடும் ஹோட்டலிலிருந்து கூட்டிப்போவதும் சேர்ந்திருக்கும், தனிப்படகில் அவை கிடையாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பேசும்போது தெளிவாக்க வேண்டியவை சில. எத்தனை மணி நேரம் என்பதைக் கடிகார நேரமாகச் சொல்லிவிடுங்கள்: "1:30க்குக் கிளம்பி 5:30க்குத் திரும்புகிறோம்." போக வேண்டிய இடங்களைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். எல்லோருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அளவான லைஃப் ஜாக்கெட் படகில் இருக்கிறதா என்று ஏறுவதற்கு முன் கண்ணால் பாருங்கள். ஸ்நார்கெல் வேண்டுமென்றால் தனியாக வாடகைக்கு எடுக்க வேண்டும். கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு என்று முன்பே கேட்டுவிடுங்கள். நடுக்கடலில் பேரம் பேசுவது யாருக்கும் நல்லதல்ல.

மாலை வற்றத்துக்குப் போகும்போது இன்னொன்று. கிராபியில் ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரை மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஐந்தரைக்குள் ஆவ் நாங் திரும்பும்படி திட்டமிடுங்கள். ரைலேயில் தங்கியிருப்பவர்களுக்குத் தீவுகள் இன்னும் பக்கம். மேற்கு ரைலே கரையிலேயே படகு கிடைக்கும்.

வரிசை: வற்றம் 4 மணி என்றால் முதலில் பொடா, அடுத்து கோழித்தீவுப் பக்கம் ஸ்நார்கெலிங், மூன்று மணிக்குள் டுப். கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அங்கே போய்விட வேண்டும். ஈரம் மின்னும் மணல் மெல்ல மெல்ல மேலெழுவதைப் பார்க்கலாம், திரும்பவும் அவசரம் இருக்காது. டுப்புக்கும் மோருக்கும் இடையிலான துண்டு சிறியது. கோழித்தீவை நோக்கிப் போவதுதான் நீளமானது. நீளமானதை முதலில் நடந்து முடியுங்கள். வற்றம் காலை 7:30 என்றால் ஆறரைக்குக் கிளம்பி நேரே டுப், மற்றதெல்லாம் பிறகு.

எப்போது வேண்டாம்: ஒருவரோ இருவரோ மட்டும் போகிறீர்கள், பகல் வற்றமும் ஒன்றரை மணிக்கு என்றால் தனிப்படகுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. கூட்டுப் படகிலேயே அதே திட்டைப் பார்ப்பீர்கள்.

## படகில்லாமல்: நொப்பரத் தாரா கடற்கரை

பேக்கேஜ் பட்டியலில் இது இருக்காது. ஆவ் நாங்குக்கு அடுத்துள்ள நொப்பரத் தாரா கடற்கரையில் நன்றாக வற்றும்போது, கரையிலிருந்து எதிரே உள்ள சிறு பாறைத்தீவுவரை மணலில் நடந்தே போகலாம். படகு ஏற முடியாத தாத்தா பாட்டி, கைக்குழந்தையோடு வருகிறவர்கள், கடல்பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் எல்லோருக்கும் இது உண்மையான மாற்று. தலே வேக்கின் பளிங்குத் தண்ணீர் இங்கே இல்லை. மணலும் அவ்வளவு வெள்ளையில்லை. ஆனால் சிப்பிகளும் குட்டி நண்டுகளும் நிறைந்த ஈர மணலில் குழந்தைகள் மணிக்கணக்கில் விளையாடுவார்கள்.

மேலே சொன்ன வற்றக் கணக்கு இங்கேயும் அப்படியே பொருந்தும். பௌர்ணமி, அமாவாசை மாலைகளில் நான்கு மணிக்குமேல் போகலாம். வற்ற நேரம் தாண்டியதும் திரும்பத் தொடங்குங்கள். சமதரையான கரையில் தண்ணீர் முன்னால் மட்டும் வராது. பள்ளங்கள் வழியாக உங்களுக்குப் பின்னாலும் புகும்.

## விலைப் பட்டியலில் வராத செலவுகள்

முதலாவது தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம். இந்தத் தீவுகள் நொப்பரத் தாரா – ஃபீ ஃபீ தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வெளிநாட்டவருக்குத் தாய்லாந்துக்காரர்களைவிடப் பல மடங்கு கட்டணம், குழந்தைகளுக்குப் பாதி. "மலிவு" என்று விளம்பரப்படுத்தும் பயணங்களில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது, படகில் ஏறும் முன்னரோ தீவிலோ ரொக்கமாக வாங்குவார்கள். இரண்டு விலைகளை ஒப்பிடும்போது "பூங்காக் கட்டணம் சேர்த்தா?" என்று கேட்காமல் ஒப்பிடாதீர்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு இதுவே கணிசமான தொகை. கொடுத்த சீட்டை அன்று முழுவதும் பத்திரமாக வைத்திருங்கள்.

இரண்டாவது கூட்டிப்போகும் செலவு. ஆவ் நாங்குக்குள் இலவசம் என்பார்கள். கிராபி நகரத்திலோ குளோங் மூவாங் பக்கமோ தங்கினால் ஆளுக்குத் தனியாக வாங்குவது வழக்கம்.

மூன்றாவது சாப்பாடு. பொட்டலத்தில் வருவது அநேகமாகக் கோழி போட்ட ஃப்ரைட் ரைஸ். காய்கறிச் சோறு என்று கேட்டாலும் மீன் சாஸ் ஊற்றியிருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்பதிவின்போதே "ஜே" என்ற சொல்லைச் சொல்லுங்கள்; முட்டை, மீன் சாஸ் எதுவும் இல்லாத உணவு என்று அங்கே எல்லோருக்கும் புரியும். சந்தேகமிருந்தால் புளியோதரையை எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோவது நிம்மதி. எவர்சில்வர் டப்பாவுக்குக் காரணம் உண்டு: தாய்லாந்தின் தேசியப் பூங்காக்களுக்குள் தெர்மோகோல் பெட்டிகளும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கும் தடை.

நான்காவது சன்ஸ்கிரீன். பவளப்பாறைக்குக் கெடுதல் செய்யும் நான்கு பொருட்கள் கலந்த சன்ஸ்கிரீன்களைப் பூங்காக்களுக்குள் 2021 ஆகஸ்டில் தாய்லாந்து தடை செய்தது. அபராதம் 1,00,000 பாட் வரை போகலாம். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட், 4-மெத்தில்பென்சிலிடீன் கேம்ஃபர், பியூட்டைல்பாராபென் என்ற பெயர்கள் டியூபின் பின்பக்கம் இருக்கின்றனவா என்று ஊரிலேயே பார்த்து வாங்குங்கள். திட்டின்மேல் நிழலே கிடையாது. வெள்ளை மணல் கீழிருந்தும் வெயிலை அடிக்கும். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் எந்தக் கிரீமையும்விட நன்றாக வேலை செய்யும்.

## எந்தப் படகானாலும் திட்டின்மேல் கவனிக்க

மணல் என்றாலும் வெறுங்கால் வேண்டாம். உடைந்த பவளத் துண்டுகள் காலைக் கீறும். பாறை ஓரங்களில் கடல்முள்ளெலிகள் இருக்கும். பின்பக்கம் வாருள்ள செருப்போ தண்ணீர் ஷூவோ போடுங்கள். சாதாரண ஹவாய் செருப்பு ஈர மணலில் உறிஞ்சப்பட்டு அறுந்துவிடும்.

கடல் ஏறும்போது திட்டின் இரண்டு பக்கமிருந்தும் அலை வந்து நடுவில் மோதும். பார்க்க அழகாக இருக்கும். அதுவே கிளம்புவதற்கான அடையாளமும்கூட. தண்ணீர் கணுக்காலைத் தாண்டியதும் படகு நிற்கும் பக்கத்துக்கு வந்துவிடுங்கள். முழங்கால் அளவில் தண்ணீர் குறுக்கே ஓடினால் பெரியவர்களே தடுமாறுவார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடக்கவே கூடாது. எதிர்ப்பக்கத் தீவில் மாட்டிக்கொண்டால் நீந்த முயலாமல் அங்கேயே நின்று கையசையுங்கள். லாங்டெய்ல் அந்தப் பக்கம் சுற்றி வந்து ஏற்றிக்கொள்ளும்.

டிரோன் கொண்டுபோகிறவர்கள் ஊரிலேயே யோசித்துவிடுங்கள். தாய்லாந்தில் கேமரா உள்ள டிரோனைப் பதிவு செய்யாமல் பறக்கவிடுவது குற்றம். தேசியப் பூங்காவுக்குள் தனி அனுமதியும் வேண்டும்.

## மே முதல் அக்டோபர் வரை

தென்மேற்குப் பருவக்காற்று நேரே இந்தக் கரையில்தான் அடிக்கும். நம் ஊர்ப் பள்ளி விடுமுறையின் பின்பாதி இந்தப் பருவத்தின் தொடக்கத்தில் விழுகிறது. வற்றம் கணக்குப்படி வந்தாலும் அலை உயரமாக இருந்தால் திட்டின்மேல் தண்ணீர் புரண்டுகொண்டே இருக்கும். இந்த மாதங்களில் தேர்வு வரிசை மாறும்: ஓரளவு அமைதியான நாளில் ஸ்பீட்போட், முந்தைய நாள் இரவே கடல்நிலையைப் பார்த்து உறுதி செய்த பிறகு. முன்பதிவைத் தீவுப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்னதாக மட்டும் செய்யுங்கள். வானிலையால் ரத்தானால் முழுப் பணமும் திரும்புமா, தேதி மட்டும் மாறுமா என்று எழுத்தில் வாங்குங்கள். படகோட்டி "இன்று வேண்டாம்" என்றால் வேறு படகு தேடி அலையாதீர்கள்.

அப்படி ஒரு நாள் கையில் மிஞ்சினால் கிராபி நகருக்குத் தெற்கே உள்ள குளோங் தோமுக்குப் போய்வரலாம். பழைய பாசிமணிகளுக்குப் பேர்போன இடம். இங்குள்ள குவான் லுக் பாட் மேட்டில்தான் "பெரும்பதன் கல்" என்று தமிழ் பிராமியில் எழுதிய பொன் உரைகல் கிடைத்தது. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். இதே கடலில் காற்றுக்கும் பருவத்துக்கும் காத்திருந்து வந்த ஒரு தமிழ்ப் பொற்கொல்லரின் கைப்பொருள் அது.

தேதியை இன்னும் முடிவு செய்யாதவர்கள் நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் உள்ள ஏதாவது ஒரு துவாதசியை நடுவில் வைத்து நான்கு நாள் பயணம் போடுங்கள். கூட்டுப் படகு, தனிப்படகு இரண்டுமே அந்த நான்கு நாளில் சரிவரும். கையிலுள்ள பணத்தையும் உடன் வரும் ஆட்களையும் பார்த்து அங்கே போய் முடிவெடுத்துக்கொள்ளலாம்.